மடுல்சீமை லைன் ஏன் அறுந்தது

தம்பிமாரே, தங்கச்சிமாரே, போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். தோட்டத்துக் கணினிக்கும் தலைமைக் கணினிக்கும் நடுவே இணைப்பு அறுந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மறுபடி இணைப்போம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களைப் பார்த்து இல்லை, எங்கள் காலத்தை நினைத்து. எங்களுக்கு மறுபடி இணைக்க ஒரு மத்தியானமே போய்விடும்.

அன்றைக்கு நேரம் போதாமல் பாதியில் நிறுத்திய சங்கதியை இப்போது எழுதுகிறேன். எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. பதுளைக் கடைத்தெருவில், துணிக்கடை மாடியில் அதே அறையில்தான் இன்னும் இருக்கிறேன். கைப்பேசியில் சிக்னல் கோடுகள் முழுசாக நிற்கின்றன. நாள் முழுக்க அது அடிப்பதில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

எண்பதுகளின் பின்பகுதி அது. பதுளையில், தோட்டங்களை நிர்வகித்த எங்கள் கூட்டுத்தாபனத்தின் பிராந்திய அலுவலகத்தில் ஒரு பெரிய கணினி வந்திறங்கியது. ஹோஸ்ட் என்று பேர். அதற்கு மட்டும் தனி அறை, தனிக் குளிரூட்டி. பக்கத்து அறையில் நாங்கள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்போம், அங்கே குளிர் இலவசம். ஊவா மாகாணத்தில் சில தோட்டங்களின் ஆபீசுக்கு ஒவ்வொரு சின்னக் கணினி கொடுத்தார்கள். கொழுந்து நிறுவை, ஆள் வரவு, தேயிலைத் தூள் கணக்கு எல்லாம் அங்கிருந்து டெலிபோன் கம்பி வழியாக ஹோஸ்டுக்கு வரவேண்டும்.

எப்படி வரும் என்று கேட்பீர்கள். தோட்டத்து ஆபீசில் டெலிபோனை எடுத்து, பதுளை வேண்டும் என்று தபால் கந்தோரில், அதாவது தபால் ஆபீசில், இருக்கிற ஒப்பரேட்டரிடம் கேட்கவேண்டும். அவர் தன் பலகையில் கயிற்றைச் செருகி லைன் கொடுப்பார். மறுமுனையில் ஹோஸ்ட் கீச்சென்று கத்தும். உடனே டெலிபோன் கையை, அதாவது ரிசீவரை, மோடம் என்கிற பெட்டியின் மேல் இருக்கிற இரண்டு ரப்பர் கிண்ணத்தில் கவிழ்த்து வைக்கவேண்டும். அதன்பிறகு இரண்டு மெஷினும் கீச்சுக் கீச்சென்று பேசிக்கொள்ளும். யாராவது அந்தக் கையைத் தூக்கினால், மேசையை இடித்தால், லைனுக்குள் வேறு சத்தம் புகுந்தால் பேச்சு முறிந்துவிடும். முறிந்தால் அதுவரை அனுப்பியது அத்தனையும் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

மற்றத் தோட்டங்களில் எப்போதாவது அறுந்தது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒருமுறை சவுக்கு மரக் கிளை கம்பியில் சாய்ந்து உரசிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் அட்டைக்கடி வாங்கினேன். மடுல்சீமையில் ஒரு தோட்டம் மட்டும் தீராத தலைவலியாக இருந்தது. நாலைந்து நாள் ஒழுங்காக வரும். பிறகு ஒரு பின்னேரம் நடுவிலே அறுந்துவிடும். மறுபடி லைன் கேட்டால் கிடைக்காது. மழையென்றும் இல்லை, வெயிலென்றும் இல்லை.

அந்தத் தோட்டத்தில் கணினியைப் பார்த்துக்கொண்டவள் செல்வராணி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து படித்து வந்து அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். அதிகம் பேசமாட்டாள். அவள் அம்மாவும் இரண்டு சித்திமாரும் அப்போதும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற நேரத்தில் ஆபீஸ் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, பிள்ளை நாற்காலியில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்களாம்.

கொழும்பில் இருந்த எங்கள் மேலதிகாரி, பெரியவர் என்போம், தூரத்திலிருந்தே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். ஹோஸ்டில் கோளாறு இல்லை, கம்பியில் கோளாறு இல்லை, ஆகவே தோட்டப் பக்கத்தில் யாரோ டெலிபோன் கையைத் தூக்குகிறார்கள் என்று தீர்ப்பு. தொழில்நுட்பப்படி அது சரியான ஊகம். ஆனால் அந்த வார்த்தை மலையேறி மடுல்சீமைக்குப் போனபோது வேறு உருவம் எடுத்துவிட்டது. ஆபீசில் ஒரு குமரிப் பெண், கையில் டெலிபோன், அதை அவள் தூக்குகிறாள் என்றால் யாரோடு பேசத் தூக்குகிறாள்? பெரிய கிளாக்கர் அதை ஒருவரிடம் சொன்னார், அவர் இன்னொருவரிடம் சொன்னார். நான் போய்ச் சேருவதற்குள் அந்தப் பையன் லுணுகலையில் கடை வைத்திருக்கிறான் என்கிற அளவுக்குக் கதை வளர்ந்திருந்தது. அப்படி ஒரு பையன் உலகத்திலேயே இல்லை.

தோட்டத்து மானேஜரான துரை கண்டிப்பான மனிதர், கெட்டவர் இல்லை. மாதக் கடைசிக்குள் இது நிற்காவிட்டால் அந்தப் பெண்ணை மெஷினிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். எடுத்தால் அவள் மலைக்குத்தான் போகவேண்டும். வேலை போனதோடு முடியாது. அந்தக் கதையும் அவளோடு லயத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். டெலிபோனைத் தூக்குவது அவள்தான் என்று உறுதிப்படுத்திவிட்டு வா என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். நன்றாகக் கவனியுங்கள், கண்டுபிடித்துவிட்டு வா என்று சொல்லவில்லை.

எனக்கு அங்கே போவதில் ஒரு சொந்த லாபமும் இருந்தது. அக்கா அந்தத் தோட்டத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அத்தான் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகன் மாமனார் வீட்டாரோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டான். அக்கா போக மறுத்துவிட்டாள். நான் கொழும்பில் இருந்த அறை எண்பத்துமூன்று கலவரத்தில் எரிந்தது. அதற்குமேல் அங்கே இருக்க மனமில்லாமல் பதுளைக்கு மாற்றம் கேட்டு வந்தவன். கலியாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஆக இந்த உலகத்தில் எனக்கு அவள், அவளுக்கு நான். அப்படி இருந்தும் கோளாறு வந்தால்தான் அக்காவைப் பார்க்கப் போவேன். "லைன் அறுந்தாத்தான் தம்பிக்கு அக்கா இருக்கறது ஞாபகம் வரும்" என்று அவள் வாசலில் வைத்தே சொல்லுவாள்.

வேலையைத் தொடங்கினேன். மோடத்தை மாற்றிப் பார்த்தேன், கிண்ணத்தைத் துடைத்தேன், ஆபீசிலிருந்து ரோட்டுவரைக்கும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்த வழக்கத்தையெல்லாம் உங்களுக்கு விவரிக்கப்போவதில்லை, உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. பின்னேரங்களில் செல்வராணிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் ஒழுங்காகப் போனது. அடுத்த நாளும் அப்படியே. பெரிய கிளாக்கர் எட்டிப் பார்த்து, ஐயா பக்கத்தில் இருந்தால் அறாதுதானே என்று சிரித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் என் கண் முன்னாலேயே அறுந்தது. செல்வராணியின் இரண்டு கையும் மடியில் இருந்தன. மேசையை யாரும் தொடவில்லை. திரை அப்படியே நின்றது, மோடத்தின் சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க பாத்தீங்கதானே சேர்?" என்றாள். பார்த்தேன் என்றேன்.

அன்றைக்கே, ஆறிவிடக் கூடாதென்று, லைன் திரும்பக் கிடைத்ததும் கொழும்புக்கு எடுத்துச் சொன்னேன். பெரியவர் அசரவில்லை. மேசை ஆடியிருக்கும், அவள் கால் இடித்திருக்கும், நீ கவனித்திருக்கமாட்டாய் என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இவள் செய்யவில்லை என்று நிரூபித்தால் போதாது. வேறு எது செய்தது என்று காட்டாதவரை பழி, பக்கத்தில் இருக்கிற ஆளின் மேல்தான் நிற்கும். எங்கள் தொழிலில் பக்கத்தில் இருக்கிற ஆள் பெரும்பாலும் சம்பளம் குறைந்த ஆளாகத்தான் இருப்பார்.

மனசு சரியில்லாமல் அக்கா வீட்டுக்கு நடந்தேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்கிற நேரம், தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்குப் பக்கமிருந்து தப்பு மேளச் சத்தம் இறங்கி வந்தது. யாரோ போய்விட்டார்கள்.

"பெரிய ராமாயி. மத்தியானம்" என்றாள் அக்கா. "அண்ணன் தம்பி எல்லாம் கொஸ்லந்தயில. நாளைக்கு எடுக்கறதுக்குள்ள வந்திருவாங்க. செய்தி பின்னேரமே போயிருச்சு."

தோட்டத்தில் இது எப்படி நடக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாவு விழுந்தால் உறவுக்காரர் எங்கெங்கோ தோட்டங்களில் இருப்பார்கள். ஆபீஸ் டெலிபோனை லயத்து ஆள் தொடமுடியாது. அதனால் ஒருவர் தபால் கந்தோருக்கு ஓடுவார். ஒப்பரேட்டரிடம் சொன்னால், அவர் பதுளை வழியாக அந்தந்தத் தோட்டத்துக்குச் சொல்லிவிடுவார். செய்தி பிந்தினால் முகம் பார்க்கக் கிடைக்காது. முகம் பார்க்காமல் போனவர்கள் அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அழுவதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன்.

பின்னேரமே போயிருச்சு என்று அக்கா சொன்னது எனக்குள் தட்டியது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அந்தத் தபால் கந்தோரிலிருந்து பதுளைக்குப் போகும் இரண்டு லைனில் ஒன்று படுத்துக் கிடந்தது. இருந்தது ஒன்று. அந்த ஒன்றிலும் பின்னேரம் அறும்வரை எங்கள் மெஷின்தான் கத்திக்கொண்டிருந்தது. அப்படியானால் ராமாயியின் செய்தி எந்த வழியாகப் போனது?

"போன வாரம் யாருக்காவது சாவாக்கா? செவ்வாக்கெழம?"

"பக்கத்துத் தோட்டத்துல, மண்வெட்டிக் கங்காணி" என்றாள். அதற்கு முந்தி அறுந்த நாளைக் கேட்டேன். அதற்கும் ஒரு பெயர் சொன்னாள். அதற்கு முந்தி? அதற்கும். அறுந்த நாளெல்லாம் எனக்கு மனப்பாடம், இறந்த பெயரெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ரொட்டி கருகிப்போனதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. "என்னாடா, சாவுக் கணக்கு எடுக்கவா ஒன்ன அனுப்பினாங்க?" என்று கேட்டாள் அக்கா.

மறுநாள் காலையில் தபால் கந்தோருக்குப் போனேன். ஒப்பரேட்டர் பதுளை முஸ்லிம் ஆள்; கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர். அந்தப் பகுதி முழுக்க அவருக்குப் பேர் நானாதான், அண்ணன் என்கிற மாதிரி. பலகைக்கு முன்னால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். ஊரெல்லாம் அவர் வழியாகப் பேசியது. அவரோடு பேச யாரும் இல்லை. என்னைக் கண்டதும் டீக்குச் சொல்லிவிட்டார்.

நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவரும் சுற்றி வளைக்கவில்லை.

"நான்தான் இழுக்குற தம்பி" என்றார். "சாவுச் செய்தி வந்தா இழுத்துருவன். சும்மா இழுக்க மாட்டன். லைன்ல புகுந்து ரெண்டு தரம் கேப்பன், பேசுறீங்களான்டு. மனுசக் குரல் ஒண்டும் வராது, கீச்சுக் கீச்சுன்டு சத்தம். பதில் இல்லாட்டி இழுத்துருவன். எங்கட ஆக்கள்ல மௌத்தானா அடக்கப் பிந்தக் கூடாது. ஒங்கட ஆக்கள் மொகம் பாக்க ஓடி வருவாங்க. ரெண்டும் பொறுக்காது. மெஷின் பொறுக்கும்தானே?"

அவர் லைனுக்குள் புகுந்து கேட்ட அந்த முதல் வார்த்தையிலேயே எங்கள் இணைப்பு செத்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. இழுப்பதற்கு முன்னால் மரியாதையாகக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவர் குரலைக் கேட்க வேண்டிய டெலிபோன் கையோ ரப்பர் கிண்ணத்தில் குப்புறக் கிடந்தது.

செல்வராணியின் மேல் விழுந்திருக்கும் பழியைச் சொன்னேன். டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். எனக்கும் மகள்மார் இருக்காங்க தம்பி என்றார். ஒரு கட்டணப் பேச்சை வேறொரு தனியார் செய்திக்காக அறுப்பது அவருடைய சட்டப்படி குற்றம். தெரிந்தால் வேலைக்கு ஆபத்து. அப்படியிருந்தும் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, வாங்க, துரைட்ட நானே வந்து சொல்றன் என்று எழுந்தார். பிடித்து உட்காரவைத்தேன். ஒரு மணித்தியாலம் கொடுங்கள் என்றேன்.

திரும்பி நடந்த அந்த ஒரு மணித்தியாலம்தான் என் உத்தியோக வாழ்க்கையில் கடினமான நேரம். நானாவைச் சொன்னால் செல்வராணி தப்புவாள், நானா போவார். அவர் இடத்துக்கு வருகிற ஆள் சட்டப்படி நடப்பார், சாவுச் செய்திகள் மெஷின் பேசி முடியும்வரை காத்திருக்கும். சொல்லாவிட்டால் செல்வராணி மலைக்குப் போவாள். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதோடு உங்கள் வேலை முடிந்துவிடுமென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்டுபிடித்ததை யாரிடம், எந்த அளவுக்கு, எந்த வார்த்தையில் சொல்வது என்பது அதைவிடப் பெரிய வேலை. அதற்கு மீட்டர் கிடையாது.

துரையின் ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கரும் இருந்தார். ஒரு லைன் மழைக்குப் போய்விட்டது, மிச்சம் ஒன்றில்தான் இந்தப் பக்கத்துத் தோட்டம் எல்லாம் பேசவேண்டியிருக்கிறது, அவசரச் செய்தி வரும்போது லைன் எங்களிடமிருந்து போய்விடுகிறது என்றேன். ஒரு வார்த்தை பொய்யில்லை. அவசரம் என்றால் என்ன என்று துரை கேட்டார். அவர் சிங்களவர், ஆனால் தோட்டத்துத் தமிழ் தண்ணீராக வரும்.

"சாவு தொரை" என்றேன். "நேத்து நம்ம மேல்கணக்கு ராமாயி."

ராமாயி துரை வந்த நாளிலிருந்து அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். "அப்ப அந்த புள்ள டெலிபோன தூக்கல்லையா?" என்று கேட்டார்.

"தூக்கல்ல. இனிமே தூக்கணும். தூக்கச் சொல்றது நான்."

என் யோசனை இதுதான். கணக்கு முழுவதையும் ஒரே மூச்சில் அனுப்பாமல் சின்னச் சின்னப் பகுதியாக அனுப்பவேண்டும். அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி ஹோஸ்டின் புரோகிராமை நான் மாற்றி எழுதிவிடுவேன். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் செல்வராணி டெலிபோன் கையைத் தூக்கி ஒப்பரேட்டரிடம் கேட்கவேண்டும். யாராவது காத்திருந்தால் லைனை விட்டுக்கொடுக்கவேண்டும். துரை சரியென்றார். பிறகு பெரிய கிளாக்கரைத் திரும்பிப் பார்த்து, அந்தப் பிள்ளையைப் பற்றி இனி ஆபீசில் ஒரு கதை என் காதில் விழக்கூடாது என்றார். கிளாக்கர் பைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

செல்வராணியிடம் சொன்னபோது அவளுக்கு முதலில் புரியவில்லை. "அப்ப நான் டெலிபோனத் தூக்கலாமா சேர்?" என்று கேட்டாள். தூக்கத்தான் வேண்டும் என்றேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மடுல்சீமை லைன் பின்னேரத்தில் பல தடவை அறுந்தது, ஆனால் ஒரு எண்கூடத் தொலையவில்லை. கீச்சுச் சத்தம் நின்றதும் நானா லைனில் காதைக் கொடுப்பார். "நானா, யாராச்சும் இருக்காங்களா?" என்பாள் செல்வராணி. இல்ல மகள், அனுப்புங்க என்பார். பதுளையில் ஹோஸ்டுக்குப் பக்கத்தில் நான் ஒருத்தனாக உட்கார்ந்திருப்பேன். மோடத்தின் விளக்கு அணையும், சற்று நேரத்தில் எரியும். எரியாமல் நீண்டால் எங்கோ யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். யார் என்று தெரியாது. செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, விளக்கு திரும்ப எரியும்வரை சும்மா இருப்பேன். யாரும் சொல்லித்தந்த வழக்கமில்லை, தானாக வந்தது.

நல்ல ஏற்பாடு நீடிப்பதில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு கொழும்பில் இருந்து புது உத்தரவு. தோட்டங்களின் இணைப்பு காலையிலிருந்து மாலைவரை அறாமல் இருக்கவேண்டும். அதற்காக அந்தத் தபால் கந்தோரின் இரண்டு லைனில் நல்லது ஒன்றை எங்களுக்கே என்று நிரந்தரமாகக் கட்டிவைத்துவிட்டார்கள். மழைக்குப் படுக்கிற மற்றது ஊருக்கு. நான் கூட்டத்தில் எழுந்து அந்தச் சனங்களின் செய்தி எதில் போகும் என்று கேட்டேன். நீ தொழில்நுட்பக்காரனா, சமூக சேவைக்காரனா என்று பெரியவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நான் உட்கார்ந்துவிட்டேன். டெலிபோன் கையைக் கிண்ணத்தோடு சேர்த்து டேப்பால் சுற்றி ஒட்டச் சொன்னார்கள். பிரிப்பவர் வேலையில் இருக்கமாட்டார் என்று ஒவ்வொரு தோட்டத்து ஆபீசிலும் கூப்பிட்டுச் சொன்னார்கள். செல்வராணிக்குப் பழைய கதையை நினைவூட்டியும் சொன்னார்களாம்.

அதற்குப்பிறகு அந்த விளக்கு அணையவே இல்லை. என்னைப் பாராட்டினார்கள். மடுல்சீமை லைன்தான் ஊவாவிலேயே சிறந்த லைன் என்றார்கள். எனக்கோ அங்கே போக ஒரு சாக்குக் கிடைக்கவில்லை. அக்காவைப் பார்க்கப் போவதற்கு ஒரு சின்னக் கோளாறுகூட இல்லாமல் மாதங்கள் ஓடின. சும்மா போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம்தான். தனியாக இருந்து பழகியவனுக்கு ஒரு காரணம் இல்லாமல் பஸ் ஏறத் தெரியாது. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன், சும்மா போங்கள்.

பிறகு ஒரு மழைநாள், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். மடுல்சீமை விளக்கு அணைந்தது. நான் நம்பவில்லை, பல்ப் போய்விட்டதாக்கும் என்று தட்டிப் பார்த்தேன். பிறகு லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எங்கள் பக்கத்து டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தேன். கீச்சுச் சத்தம் இல்லை. மழைச் சத்தம் கேட்டது. யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

"சேர், நான்தான் தூக்கினேன்" என்றாள் செல்வராணி.

யார் என்று கேட்டேன்.

"ஒங்க அக்கா போயிட்டாங்க சேர். காலையில. ஆள் நானாகிட்ட ஓடினாரு, ஊர் லைன் செத்துக் கெடக்குதாம். ரோட்டுல மண் சரிஞ்சு பஸ்ஸும் இல்ல. மெஷின்ல எழுதலாம்னு பாத்தேன் சேர், அது நம்பர் மட்டுந்தான் எடுக்குது. அதான் டேப்ப அறுத்துட்டேன்."

கூப்பிட வேறு ஆள் இருக்கிறார்களா என்று கேட்டேன். அக்காவின் நாத்தனார் ஒருத்தி ஸ்பிரிங்வெளியில் இருந்தாள், அவளுக்கு இன்னும் சொல்லவில்லை என்றாள். அவளுக்கு நான் சொல்கிறேன், இந்த லைனை இன்றைக்கு நானாவுக்குக் கொடுத்துவிடு, காத்திருக்கிறவர்கள் எல்லோரும் பேசட்டும் என்றேன். சரி சேர், நீங்க வாங்க, மொகத்தப் பாக்க வாங்க என்றாள்.

அறைக்கு ஓடினேன்; கீழே துணிக்கடை முதலாளி ஒரு வார்த்தை கேட்காமல் வேனை எடுத்தார். மண் சரிந்த இடத்தில் இறங்கி, மற்றப் பக்கம் நடந்து ஏறினேன். தோட்டத்துச் சனங்கள் எனக்காகப் பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கோளாறு இல்லாமல் வந்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லத் தோன்றியது. அழுதேன். அந்தக் கூட்டத்தில் எனக்குச் சொந்தமென்று யாரும் இல்லை, ஆனால் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

காரியம் முடிந்து கிளம்பும்போது செல்வராணி ரோட்டோரம் குடையோடு நின்றாள். "எனக்கு வேல போயிருமா சேர்?" என்று கேட்டாள். பயந்து கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து பெரியவரே வந்தார். ஊவாவின் சிறந்த லைன் அரை நாள் செத்துக் கிடந்ததற்கு யார் பொறுப்பு என்று தெரியவேண்டும் அவருக்கு. ஹோஸ்ட் அறையில், அந்த விளக்குக்கு முன்னால் என்னை நிறுத்திக் கேட்டார். டேப்பைப் பிரித்தது அந்தப் பெண்தானே என்றார். ஆமாம், அவள் எனக்காகப் பிரித்தாள், மிச்ச நேரம் லைனை விட்டுக்கொடுக்கச் சொன்னது நான், அவளை அனுப்புவதானால் முதலில் என் பெயரை எழுதுங்கள் என்றேன். நடந்ததை முழுசாகச் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். உத்தியோகத் தோரணையை விடமுடியாமல், சரி, இணைப்பு அறுந்ததற்குக் காரணம் என்ன என்று எழுதுவது, ஹோஸ்ட் பக்கமா தோட்டப் பக்கமா என்று கேட்டார்.

"ரெண்டு பக்கமும் ஆள் இருந்துச்சு சேர்" என்றேன். "அப்படி எழுதுங்க."

அவர் எதையும் எழுதவில்லை. செல்வராணி அந்த நாற்காலியிலேயே இருந்தாள். டேப்பை மறுபடி யாரும் ஒட்டவில்லை.